பழைய டேப்லெட்டில் புதிய ஆப், புதிய டேப்லெட்டில் பழைய ஆப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ஆப் என் டேப்லெட்டில் ஓடுமா ஓடாதா என்பதை எது தீர்மானிக்கிறது?

வாங்கிய ஆண்டோ, கொடுத்த விலையோ அல்ல. மூன்று விஷயங்கள்தான். ஒன்று, டேப்லெட்டில் இருக்கும் இயங்குதளப் பதிப்பு. இரண்டு, சிப்பும் இயங்குதளமும் 32 பிட்டா 64 பிட்டா (ஒரே தடவையில் எவ்வளவு தரவைக் கையாளும் என்ற அளவு) என்பது. மூன்று, ஆப் தொடர்புகொள்ளும் சர்வர் இந்தப் பழைய பதிப்பை இன்னும் உள்ளே விடுகிறதா என்பது.

எந்த இடத்தில் சிக்கல் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டோரிலேயே 'பொருந்தாது' என்று வந்தால் முதல் இரண்டில் ஒன்று. நிறுவிய பிறகு திறந்தவுடனே மூடிக்கொண்டால், பெரும்பாலும் வெப்வியூ (ஆப்புக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் பாகம்) அல்லது நினைவகப் பிரச்சினை. ஆப் திறக்கிறது, லாகின் பக்கத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் மூன்றாவது. இதைப் பார்க்காமல் எல்லோரும் முதலில் செய்வது ஃபேக்டரி ரீசெட். அதனால் அநேகமாக எதுவும் சரியாவதில்லை. ஓடிக்கொண்டிருந்த மற்ற ஆப்களும் போய்விடும் என்பதுதான் மிச்சம்.

பதிப்பை எங்கே பார்ப்பது?

ஐபேடில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட். அங்கே மாடல் எண்ணைத் தொட்டால் ஏ என்ற எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட எண் தெரியும். அதே எண் பின்புறத்திலும் பொடி எழுத்தில் இருக்கும். எந்தத் தலைமுறை என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் உறுதி செய்ய வேண்டும். வெளித்தோற்றத்தை நம்பினால் ஏமாந்துபோவீர்கள்: ஐபேட் ஏர் முதல் தலைமுறையும் ஐபேட் 5-ஆம் தலைமுறையும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸின் கடைசியில் உள்ள அபவுட் டேப்லெட் பகுதி. சாம்சங்கின் ஒன் யூஐ (ஆண்ட்ராய்டின் மேல் சாம்சங் போடும் தோற்றம்) எண்ணும் ஆண்ட்ராய்டு எண்ணும் வேறு வேறு. ஆப்களுக்கு வேண்டியது இரண்டாவது. அமேசான் ஃபயர் டேப்லெட்டில் தெரிவது ஃபயர் ஓஎஸ் எண். அதை இப்படி மாற்றிப் படிக்க வேண்டும்: ஃபயர் ஓஎஸ் 5 என்றால் ஆண்ட்ராய்டு 5.1, 6 என்றால் 7.1, 7 என்றால் 9, 8 என்றால் 11.

எந்த ஐபேட் எந்தப் பதிப்போடு நின்றுவிட்டது?

- முதல் ஐபேட் (2010): ஐஓஎஸ் 5.1.1
- ஐபேட் 2, ஐபேட் 3, முதல் ஐபேட் மினி: ஐஓஎஸ் 9.3.5; சிம் வசதியுள்ள மாடல்களுக்கு 9.3.6
- ஐபேட் 4: ஐஓஎஸ் 10.3.3, சிம் மாடலுக்கு 10.3.4
- ஐபேட் ஏர், மினி 2, மினி 3: ஐஓஎஸ் 12
- ஐபேட் ஏர் 2, மினி 4: ஐபேட்ஓஎஸ் 15
- ஐபேட் 5, 9.7 அங்குல ஐபேட் ப்ரோ, முதல் 12.9 அங்குல ப்ரோ: ஐபேட்ஓஎஸ் 16
- ஐபேட் 6, 10.5 அங்குல ப்ரோ, இரண்டாம் தலைமுறை 12.9 அங்குல ப்ரோ: ஐபேட்ஓஎஸ் 17
- ஐபேட் 7: ஐபேட்ஓஎஸ் 18

18-க்கு அடுத்து 2025-இல் வந்தது 26. இடையில் எதையும் நீங்கள் தவறவிடவில்லை. ஆப்பிள் எண்ணும் முறையை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். 26-ஐ ஏற்கும் மாடல்களில் பழையவை 2018-இன் ஐபேட் ப்ரோ, 2019-இன் ஏர் 3, மினி 5, 2020-இன் ஐபேட் 8.

நடைமுறையில் பார்த்தால் ஐஓஎஸ் 12-உம் அதற்குக் கீழே உள்ளவையும் இன்று பெரும்பாலான பெரிய ஆப்களுக்கு வெளியே நிற்கின்றன. உதாரணமாக, வாட்ஸ்அப் 2025 மே மாதம் முதல் ஐஓஎஸ் 15.1-ஐக் குறைந்தபட்சமாகக் கேட்கிறது.

32 பிட், 64 பிட் என்பதெல்லாம் எனக்கு எதற்கு?

ஐபேட் என்றால் விடை எளிது. 2013-இல் ஏ7 சிப்போடு வந்த ஐபேட் ஏர், மினி 2 முதல் எல்லாம் 64 பிட். அதற்கு முந்தையவை 32 பிட். 2017 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 11 இரு பக்கமும் கதவைச் சாத்தியது: 32 பிட் ஐபேடுகளில் அது நிறுவப்படாது, 32 பிட் ஆப்கள் அதில் திறக்காது.

ஆண்ட்ராய்டில் இது அவ்வளவு நேர்கோடு இல்லை. சிப் 64 பிட்டாக இருந்தும், நினைவகம் குறைவு என்பதற்காகத் தயாரிப்பாளர் 32 பிட் ஆண்ட்ராய்டை ஏற்றி விற்ற மலிவு டேப்லெட்டுகள் ஏராளம். பெட்டியில் '64 பிட் ப்ராசசர்' என்று போட்டிருக்கும், அதுவும் பொய்யில்லை. ஆனால் 64 பிட்டுக்கு மட்டும் கட்டப்பட்ட ஆப் அதில் நிறுவப்படாது. சிபியு-இசட் போன்ற தகவல் காட்டும் ஆப்பில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) வரியைப் பாருங்கள். அங்கே ஆர்ம்வி7 அல்லது ஆர்ம்வி8எல் என்று இருந்தால் 32 பிட். ஏஆர்ச்64 என்றிருந்தால் கெர்னல் 64 பிட். இன்டெல் ஆட்டம் சிப் போட்ட பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட் என்றால் எக்ஸ்86 என்று வரும். பெரும்பாலான டேப்லெட்டுகளில் உள்ள ஆர்ம் வகைச் சிப்புக்கு மட்டும் எழுதப்பட்ட விளையாட்டுகள் அவற்றில் தடுமாறுவதற்கு அதுவே காரணம்.

பிளே ஸ்டோரில் 'உங்கள் கருவி இந்தப் பதிப்புக்குப் பொருந்தாது' என்று வருகிறது. ஆனால் என்னிடம் ஆண்ட்ராய்டு பதிப்பு போதுமானதாகத்தான் இருக்கிறது. ஏன்?

பதிப்பு மட்டும் போதாது. ஆப்பை எழுதியவர் 'இந்த வன்பொருள் கட்டாயம்' என்று சிலவற்றைக் குறித்திருப்பார்: தொலைபேசி வசதி, ஜிபிஎஸ், பின்பக்கக் கேமரா, குறிப்பிட்ட கிராஃபிக்ஸ் தரம். வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டில் தொலைபேசிப் பகுதியே கிடையாது. அதைக் கட்டாயம் என்று குறித்த ஆப் அங்கே தேடலில்கூட வராது. இதைப் பயனர் பக்கத்தில் சரிசெய்ய வழியில்லை. எழுதியவர் அந்த வரியைக் 'கட்டாயமில்லை' என்று மாற்றினால்தான் உண்டு, அவருக்கு அது ஒரு நிமிட வேலை. டெவலப்பருக்கு மின்னஞ்சல் போடுவது இங்கே வீண் முயற்சி அல்ல.

இன்னொரு காரணம், பிளே ஸ்டோரின் சொந்த அமைப்பில் அந்த டேப்லெட்டுக்குச் சான்று இல்லாமல் இருப்பது. பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் அபவுட் பகுதியில் 'பிளே ப்ரொடெக்ட் சர்டிஃபிகேஷன்' வரியைப் பாருங்கள். சான்று இல்லை என்றிருந்தால் வங்கி ஆப்கள், வீடியோ ஆப்கள் பலவும் மறைந்திருக்கும்.

ஆண்ட்ராய்டில் எந்தப் பதிப்புக்குக் கீழே போனால் சிரமம் ஆரம்பிக்கிறது?

ஆப்களின் தேவையைவிட, ஆப்களைத் தாங்கி நிற்கும் இரண்டு தூண்களைப் பாருங்கள்: கூகுள் பிளே சர்வீசஸ், குரோம்.

பிளே சர்வீசஸ் 2021-இல் ஜெல்லிபீனையும் (4.1 முதல் 4.3 வரை), 2023-இல் கிட்கேட்டையும் (4.4) கைவிட்டது. லாகின், வரைபடம், நோட்டிஃபிகேஷன் எல்லாம் இதன் வழியாகத்தான் போகின்றன. ஆகவே அந்த டேப்லெட்டுகளில் ஆப் நிறுவப்பட்டாலும் பாதி வேலை செய்யாது.

குரோம் 120-ஆம் பதிப்பு முதல் ஆண்ட்ராய்டு 8 வேண்டும். 139 முதல் ஆண்ட்ராய்டு 10 வேண்டும். இது பிரவுசர் விஷயம் மட்டுமல்ல. பல ஆப்கள் தங்கள் உள்பக்கங்களைக் காட்டப் பயன்படுத்தும் வெப்வியூ என்ற பாகமும் குரோமின் அதே எஞ்சின்தான். அது பழசாகி நின்றுவிட்டால், அந்த ஆப்பின் லாகின் பக்கம் வெள்ளையாக வரும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆப்கள் பலவும் ஒரே நாளில் திறந்தவுடன் மூடிக்கொள்ள ஆரம்பித்துவிட்டன. டேப்லெட் பழசாகிவிட்டதா?

ஒரு ஆப் மட்டும் என்றால் அந்த ஆப்பைச் சந்தேகியுங்கள். நான்கைந்து ஆப் ஒரே நேரத்தில் என்றால் வெப்வியூவைச் சந்தேகியுங்கள். 2021 மார்ச்சில் ஒரு கோளாறான வெப்வியூ அப்டேட் வந்து, புத்தம்புது கருவிகளில்கூட ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் இப்படித்தான் விழுந்தன. செட்டிங்ஸ், ஆப்ஸ், 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ' சென்று அதன் அப்டேட்களை நீக்குங்கள், டேப்லெட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள், பிறகு பிளே ஸ்டோரில் மறுபடி அப்டேட் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு 7 முதல் 9 வரை பொதுவாகக் குரோமே வெப்வியூ வேலையையும் பார்க்கிறது. அங்கே இதே வேலையைக் குரோமுக்குச் செய்ய வேண்டும்.

சேமிப்பிடம் நிரம்பியிருந்தாலும் இதே அறிகுறிதான். 16 ஜிபி டேப்லெட்டில் குறைந்தது 1.5 அல்லது 2 ஜிபி காலியாக வையுங்கள்.

பழைய ஐபேடில் 'இந்த ஆப்புக்குப் புதிய பதிப்பு வேண்டும்' என்கிறது. பழைய பதிப்பை எப்படி வாங்குவது?

2013 முதல் ஆப் ஸ்டோரில் இதற்கு வழி இருக்கிறது. ஆனால் பின்வாசல் வழியாகப் போக வேண்டும். ஸ்டோரில் தேடி நேரடியாக நிறுவப் போனால் மறுக்கும். இப்படிச் செய்யுங்கள்:

1. அதே ஆப்பிள் கணக்கில் உள்ள புதிய ஐபேட் அல்லது ஐஃபோனில் அந்த ஆப்பை ஒருமுறை நிறுவுங்கள். கணக்கில் 'வாங்கியது' என்று பதிவானால் போதும், பிறகு நீக்கிவிடலாம்.
2. பழைய ஐபேடில் ஆப் ஸ்டோரைத் திறந்து 'பர்ச்சேஸ்டு' பட்டியலுக்குப் போங்கள். ஐஓஎஸ் 11 முதல் மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் அது கிடைக்கும்.
3. 'இந்த ஐபேடில் இல்லாதவை' என்ற பிரிவில் ஆப்பைக் கண்டுபிடித்து மேகக் குறியைத் தொடுங்கள்.
4. 'பொருந்தக்கூடிய கடைசிப் பதிப்பைப் பதிவிறக்கவா' என்று கேட்கும். சம்மதியுங்கள்.

நான்காவது படியில் அந்தக் கேள்வி வராமல் மறுப்பு மட்டும் வந்தால், உங்கள் பதிப்புக்கு ஏற்ற வெளியீடு அந்த ஆப்பில் எப்போதுமே இருந்ததில்லை, அல்லது டெவலப்பர் அதை விலக்கிவிட்டார். 2020-க்குப் பிறகு பிறந்த ஆப்பை ஐபேட் 2-இல் எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

ஆண்ட்ராய்டில் இதற்கு இணையான வழி?

தனியாக எதுவும் செய்ய வேண்டாம். டெவலப்பர் பழைய வெளியீட்டை நிறுத்தாமல் வைத்திருந்தால் பிளே ஸ்டோர் தானாகவே அதைத் தரும்.

ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு ஆப்பின் நிறுவல் கோப்பு) வெளியிலிருந்து எடுத்து நிறுவலாமா?

முடியும். ஆனால் சொல்வதுபோல் எளிதல்ல. 2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோருக்கு வரும் புதிய ஆப்கள் 'ஆப் பண்டில்' வடிவில் தரப்படுகின்றன. ஸ்டோர் அதிலிருந்து உங்கள் சிப்புக்கும் திரைக்கும் மொழிக்கும் உரிய துண்டுகளை மட்டும் அனுப்புகிறது. நண்பரின் டேப்லெட்டிலிருந்து எடுத்த ஏபிகே உங்களுடையதில் திறந்தவுடன் விழுவதற்கு முதல் காரணம் இதுதான்: அடிப்படைத் துண்டு மட்டும் வந்திருக்கும், மற்றவை இருக்காது. எல்லாத் துண்டுகளையும் ஒரே நேரத்தில் நிறுவ வேண்டும், அவை உங்கள் சிப்புக்கு உரியவையாகவும் இருக்க வேண்டும்.

'ஆப் நிறுவப்படவில்லை' என்று மொட்டையாக ஒரு வரி வந்தால் மூன்றைச் சரிபாருங்கள். ஏற்கெனவே உள்ள ஆப்பின் கையொப்பமும் (டெவலப்பரின் டிஜிட்டல் முத்திரை) புதியதின் கையொப்பமும் வேறாக இருக்கலாம். நிறுவப்போவது இருப்பதைவிடப் பழைய பதிப்பாக இருக்கலாம். ஆண்ட்ராய்டு பின்னோக்கி நிறுவ விடாது. ஆண்ட்ராய்டு 6-உம் அதற்குக் கீழே உள்ளவையும் என்றால், கோப்பில் பழைய முறைக் கையொப்பம் இல்லாமல் இருக்கலாம். ஏபிகே எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் வங்கி, மின்னஞ்சல், செய்திப் பரிமாற்ற ஆப்களுக்கு இந்த வழியே வேண்டாம்.

ஆப் நிறுவப்பட்டது, திறக்கிறது. ஆனால் 'இணைப்பு இல்லை' என்கிறது. வைஃபை நன்றாகத்தான் இருக்கிறது.

முதலில் தேதியைப் பாருங்கள். மாதக்கணக்கில் பேட்டரி தீர்ந்து கிடந்த டேப்லெட் சில வருடங்கள் பின்னால் போயிருக்கும். தேதி தவறாக இருந்தால் எந்தப் பாதுகாப்புச் சான்றிதழும் செல்லாது; ஆப் அதை 'இணைப்பு இல்லை' என்றுதான் சொல்லும்.

தேதி சரியென்றால், வேர்ச் சான்றிதழ்களைப் பார்க்க வேண்டும். டேப்லெட் எந்த இணையதளத்தை நம்பலாம் என்பதற்கான பட்டியல் இயங்குதளத்தோடு வருவது. இயங்குதளம் அப்டேட் ஆகாவிட்டால் பட்டியலும் உறைந்துவிடும். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவசச் சான்றிதழ் அமைப்பை எண்ணற்ற தளங்கள் பயன்படுத்துகின்றன. அது சார்ந்திருந்த பழைய வேர்ச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானது. அதன் புதிய வேரான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தையவற்றிலும் ஐஓஎஸ் 10-க்கு முந்தையவற்றிலும் இல்லை. பழைய ஆண்ட்ராய்டுகளுக்காக அந்த அமைப்பு ஒரு தற்காலிக ஏற்பாடு செய்திருந்தது; அதுவும் 2024 செப்டம்பரோடு முடிந்தது.

அந்த வேர்ச் சான்றிதழை நீங்களே சேர்க்கலாம். லெட்ஸ் என்க்ரிப்டின் சொந்தத் தளத்திலிருந்து கணினியில் பதிவிறக்கி டேப்லெட்டுக்கு மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு 6-உம் அதற்குக் கீழும் செட்டிங்ஸ், செக்யூரிட்டியில் 'சேமிப்பிடத்திலிருந்து நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரைப்பூட்டு வைக்கச் சொல்லும். ஐஓஎஸ் 9-இல் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பித் தொட்டால் ப்ரொஃபைல் நிறுவும் பக்கம் வரும். ஆண்ட்ராய்டு 7.0-இல் மட்டும் இது பாதிப் பயன்தான், ஏனென்றால் 7 முதல் நீங்கள் சேர்த்த சான்றிதழைப் பொதுவாக ஆப்கள் மதிப்பதில்லை. வேறு எந்தச் சான்றிதழையும், யார் கொடுத்தாலும், இப்படிச் சேர்க்காதீர்கள். ஒரு வேர்ச் சான்றிதழைச் சேர்ப்பது வீட்டுச் சாவியின் நகலைக் கொடுப்பதற்குச் சமம்.

ஆண்ட்ராய்டு 4.1 முதல் 4.4 வரை இன்னொரு முட்டுக்கட்டை: இணைப்பைப் பிறர் படிக்காமல் பூட்டும் டிஎல்எஸ் 1.2 முறை உள்ளே இருந்தும் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். இன்றைய சர்வர்கள் அதற்குக் குறைந்ததை ஏற்பதில்லை.

தலைகீழ்க் கேள்வி: பல வருடமாகப் பயன்படுத்திய ஆப் புதிய டேப்லெட்டில் கிடைக்கவே இல்லை.

ஐபேட் என்றால் அது ஐஓஎஸ் 11-க்குப் பிறகு அப்டேட் ஆகாத 32 பிட் ஆப்பாக இருக்கும், அல்லது ஸ்டோரிலிருந்தே விலக்கப்பட்டிருக்கும். முதல் வகைக்கு மருந்தில்லை.

ஆண்ட்ராய்டில் மூன்று தனித்தனிச் சல்லடைகள் உள்ளன. 64 பிட் டேப்லெட்டுக்கு 32 பிட் மட்டுமேயான ஆப்பைப் பிளே ஸ்டோர் 2021 ஆகஸ்ட் முதல் காட்டுவதில்லை. நெடுநாள் அப்டேட் ஆகாத ஆப்பைப் புதிய ஆண்ட்ராய்டு கொண்ட புதிய பயனர்களுக்கு 2022 நவம்பர் முதல் மறைக்கிறது; ஏற்கெனவே அதே கணக்கில் நிறுவியிருந்தால் 'மேனேஜ் ஆப்ஸ்' பட்டியலில் தேடிப்பாருங்கள், அங்கே இருக்கும். மூன்றாவது இயங்குதளமே போடும் தடை: ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய விதிகளை இலக்காகக் கொண்ட ஆப்பை ஆண்ட்ராய்டு 14 நிறுவவே விடாது, ஆண்ட்ராய்டு 15 அந்த எல்லையை 7-க்கு உயர்த்தியது. கணினியிலிருந்து ஏடிபி (ஆண்ட்ராய்டுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக நிறுவும்போது இந்தத் தடையைத் தாண்டும் விருப்பம் ஒன்று உண்டு. டேப்லெட்டை 14-க்கு மாற்றும் முன்பே நிறுவியிருந்தால் ஆப் அப்படியே இருக்கும்.

ஆக, அரிதான பழைய ஆப் எதையாவது நம்பியிருக்கிறீர்கள் என்றால் அதை எந்தக் கருவியிலும் நீக்காதீர்கள். ஐபேடில் 'பயன்படுத்தாத ஆப்களை ஆஃப்லோடு செய்' என்பதை அணைத்துவையுங்கள். பிளே ஸ்டோரில் தானாக ஆர்க்கைவ் செய்யும் அமைப்பையும் அப்படியே. இரண்டும் இடம் மிச்சம் பிடிக்க ஆப்பை எடுத்துவிட்டுத் தரவை மட்டும் வைத்திருக்கும். ஸ்டோரில் ஆப் இல்லாமல் போயிருந்தால் திரும்ப வராது. இந்த ஒரு அமைப்பால் நல்ல விளையாட்டுகளை இழந்தவர்கள் கணிசம்.

பழைய ஆப் ஓடுகிறது, ஆனால் சுற்றிலும் கறுப்புப் பட்டை.

கோளாறு அல்ல. ஆப் பழைய திரை விகிதத்துக்கு எழுதப்பட்டது. 2018-இன் 11 அங்குல ஐபேட் ப்ரோ வரை எல்லா ஐபேடும் 4:3. அது மாறியதும் பழைய ஆப்கள் பட்டையோடு வந்தன. ஐஃபோனுக்கு மட்டும் எழுதியதை ஐபேடில் நிறுவினால் நடுவில் சின்னதாகவோ, இரு மடங்கு பெரிதாகவோ தெரியும். ஐபேடுக்கு வாட்ஸ்அப் தனியாக வந்தது 2025 மே மாதம்தான், இன்ஸ்டாகிராம் அதே ஆண்டு செப்டம்பரில். ஆண்ட்ராய்டு 16-ஐ இலக்காகக் கொண்ட ஆப்கள் பொதுவாகப் பெரிய திரையில் 'நான் நெட்டுவாக்கில்தான் நிற்பேன்' என்று அடம்பிடிக்க முடியாது. பழையவை தொடர்ந்து அடம்பிடிக்கும்.

பழையதிலிருந்து புதியதற்கு மாறும்போது ஆப்களின் தரவு வருமா?

ஐபேடில் பேக்கப்பில் ஆப்பின் தரவு மட்டுமே இருக்கும், ஆப் இருக்காது. புதிய ஐபேட் ஒவ்வொன்றையும் ஸ்டோரிலிருந்து எடுக்கும். ஸ்டோரில் இல்லாதவை சாம்பல் நிறக் குறியாகவே நிற்கும். கணினியில் பேக்கப் எடுக்கும்போது என்க்ரிப்ட் செய்யும் பெட்டியைக் குறியிடுங்கள். குறியிடாவிட்டால் சேமித்த பாஸ்வேர்டுகள் வராது. பழைய ஐஓஎஸ் பேக்கப் புதியதில் ஏறும். புதியதன் பேக்கப் பழையதில் ஏறாது.

ஆண்ட்ராய்டில் கூகுள் தானியங்கி பேக்கப் ஒரு ஆப்புக்கு 25 எம்பி வரைதான், அதுவும் டெவலப்பர் அனுமதித்தால். வரைபட ஆப்பின் ஆஃப்லைன் கோப்புகள், ஓவிய ஆப்பின் படங்கள் இதில் அடங்காது. ஆப்பின் உள்ளிருந்தே எக்ஸ்போர்ட் செய்து வெளியே எடுங்கள். முக்கியமாக, 'ஆண்ட்ராய்டு' கோப்புறைக்குள் இருக்கும் 'டேட்டா' கோப்புறையில் உள்ளவை ஆப்பை நீக்கியதும் கூடவே அழிந்துவிடும்.

இயங்குதளத்தைப் பழையதற்கு இறக்கலாமா?

ஐபேடில் முடியாது. பழைய பதிப்புகளுக்குக் கையொப்பமிடுவதை ஆப்பிள் நிறுத்திவிடும். கையொப்பம் இல்லாமல் நிறுவ முடியாது.

லினேஜ்ஓஎஸ் போன்ற மாற்று இயங்குதளம் போட்டால்?

பிரவுசர், புத்தகம் வாசிப்பு, வீடியோ பிளேயர் போன்றவை உயிர் பெறும். வங்கி ஆப்கள் பூட்லோடர் (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல்) பூட்டு திறந்திருப்பதைக் கண்டு மறுக்கக்கூடும். கட்டண வீடியோவை நகலெடுக்காமல் காக்கும் வைட்வைன் பாதுகாப்பு, உயர்ந்த எல்1 நிலையிலிருந்து எல்3-க்கு இறங்கும். கட்டண வீடியோ ஆப்கள் அதில் குறைந்த தரத்தில்தான் ஓடும்.

விண்டோஸ் டேப்லெட்டுகள்?

மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் ஆர்டி வகையில் சாதாரண விண்டோஸ் மென்பொருள் எப்போதுமே ஓடியதில்லை; இனியும் ஓடாது. 32 பிட் விண்டோஸ் 10 டேப்லெட் அங்கேயே நின்றுவிடும், விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பு கிடையாது.

பயன்படுத்திய டேப்லெட் வாங்கப்போகிறேன். ஆப்களை மனதில் வைத்து என்ன பார்க்க வேண்டும்?

உங்களுக்குத் தவிர்க்க முடியாத நான்கைந்து ஆப்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் கேட்கும் குறைந்தபட்சப் பதிப்பை ஸ்டோர் பக்கத்திலோ டெவலப்பரின் உதவிப் பக்கத்திலோ பாருங்கள். அவற்றில் மிக உயர்ந்ததைவிட டேப்லெட்டின் உச்சப் பதிப்பு இரண்டு மூன்று படி மேலே இருக்க வேண்டும். சரியாக அதே அளவு என்றால் ஓரிரு வருடத்தில் கைவிட்டுப் போகும். நினைவகம் 3 ஜிபிக்குக் கீழே வேண்டாம். ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் (ஆப்பிளின் செயற்கை நுண்ணறிவு வசதிகள்) வேண்டுமென்றால் எம்1 அல்லது ஏ17 ப்ரோ சிப்புக்குக் கீழே பார்க்கவே வேண்டாம். பென்சில் சேர்த்து வாங்குவதாக இருந்தால் அதையும் அந்த மாடலோடு பொருத்திப் பாருங்கள்: இரண்டாம் தலைமுறை ஆப்பிள் பென்சில் எம்4 ஐபேட் ப்ரோவில் வேலை செய்யாது.

பணம் கொடுக்கும் முன் விற்பவரின் கண் முன்னாலேயே ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் கணக்கில் நுழைந்து ஒரு ஆப்பை நிறுவிப் பாருங்கள். முந்தைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டால், பூட்டு இன்னும் நீங்கவில்லை. ஐஓஎஸ் 7, ஆண்ட்ராய்டு 5.1 முதலே இந்தப் பூட்டு உண்டு. ரீசெட்டால் அது போகாது.